சுபாவமும் நிர்ப்பந்தமும்

சீடன்: சுவாமி, ஜப்பானியர் இயல்பிலேயே ஊரோடு ஒத்துப் பணிந்து நடப்பவர்கள், ஓய்வை வேண்டாத உழைப்பாளிகள் என்கிறார்கள். அந்நாட்டு வைத்தியர்கள் இரவும் பகலும் ஆஸ்பத்திரியிலேயே கிடப்பதும் அந்தச் சுபாவத்தின் பலன்தானே?

குரு: அப்பனே, சுபாவமாயின் அது எக்காலத்தும் இருந்திருக்க வேண்டுமல்லவா? 1850-களின் பிற்பகுதியில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சி அளிக்க வந்த காட்டெண்டைக்கே என்னும் டச்சு அதிகாரி, இம்மக்கள் மிகவும் மந்தமாக வேலை செய்கிறார்கள், சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று சலித்துக்கொண்டார். பள்ளிக்கூட மணியும், ஆலைச் சங்கும், ரயில் அட்டவணையும், பட்டாளப் பயிற்சியும் பின்னாளில் பழக்கிவிட்டதையே, ஆதிநாள் தொட்டு இரத்தத்தில் ஊறியதென்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சீடன்: பழக்கமேயாயினும், இன்று மனமுவந்துதானே பணிகிறார்கள்?

குரு: 1960-இல் கியூஷுத் தீவின் மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் ஆட்குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தவர்களும் ஜப்பானியர்தாம். தன் வேலை முடிந்த பின்னும், மேலதிகாரி நாற்காலியை விட்டு எழும்வரை காகிதங்களைப் புரட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் குமாஸ்தாவிடம் நீ பக்தியைக் காண்கிறாய். முதலில் எழுந்து போனவன் என்ற பெயர் வந்தால் பதவி உயர்வு கைநழுவுமே என்று அவன் படும் அச்சத்தைக் காணவில்லை. மிதமிஞ்சிய வேலையால் நேரும் மரணத்தைத் தடுக்க 2014-இல் அங்கே ஒரு சட்டம் பிறந்ததே, அது மாண்டவர்களின் குடும்பத்தார் வாதாடிப் பெற்றது.

சீடன்: உயிர் காக்கும் வைத்தியன் நேரம் பார்க்கலாமா, சுவாமி?

குரு: அந்த நியாயத்தைக்கொண்டே, மற்றத் தொழில்கள் பலவற்றுக்கு 2019 முதல் வந்த மிகைநேர வரம்பை வைத்தியர்களுக்கு 2024 ஏப்ரல் வரை தள்ளிவைத்தார்கள். வந்த வரம்பும் வருஷத்துக்கு 960 மணி. குறிப்பிட்ட சில ஆஸ்பத்திரிகளில் 1860 மணி. இராமுழுதும் கண்விழித்துவிட்டு மறுநாள் காலையிலும் சத்திரசிகிச்சைக் கத்தியைப் பிடிக்கும் கை, எந்த தேசத்தான் கையானாலும் தளரும். கடமையுணர்ச்சி உத்தம குணம். ஆள் போதாமையை மறைக்க அதை உபயோகிப்பது அதர்மம்.

சீடன்: உழைப்பாளி என்பது புகழ்மொழிதானே? அதனால் என்ன தீங்கு?

குரு: உழைக்கவே பிறந்தவர்கள் என்று ஓர் இனத்தாரைப் புகழ்பவன், அவர்கள் ஓய்வு கேட்கும்போது அதைக் குற்றம் என்பான். ஆதலால், ஒருவன் அளவுக்கு மீறி உழைக்கக் கண்டால் அவன் எந்த நாட்டான் என்று கேளாதே. முடியாதென்று சொல்லும் உரிமை அவனுக்கு இருக்கிறதா என்று கேள்.