பாத்தியதை

ஒரு பேஸ்பால் குழு ஊரைவிட்டுப் போய்விட்டது என்பதற்காக வளர்ந்த மனிதர்கள் அழலாமா? புரூக்ளினில் அழுதார்கள். 1957ல் போன குழுவை நினைத்து, அரை நூற்றாண்டு கழித்தும் மனம் ஆறாதவர்கள் அங்கே இருந்தார்கள். "குழு என்ன, உன் பாட்டன் சொத்தா?" என்று அவர்களைக் கேட்டால் பதில் வராது. கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் அதில் ஏதோ ஒன்று எனக்கு உறுத்துகிறது. நான் அந்தக் குழுவின் ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவன் அல்ல; பழைய புத்தகங்களும் பழைய படச் சுருள்களும் பார்த்து அபிமானியானவன். அபிமானத்துக்குத் தூரம் ஒரு தடை இல்லை.

புரூக்ளின் முன்பு தனி நகரம். 1898 ஜனவரி முதல் தேதியன்று அதை நியூயார்க்குடன் சேர்த்துவிட்டார்கள். தனி மேயர் போயிற்று. தனி நகரம் என்ற கௌரவமும் போயிற்று. ஊர்ப் பெயரைச் சொல்ல மிஞ்சியவற்றில் 1883ல் பிறந்த இந்தக் குழுவும் ஒன்று. தெருவில் பாய்ந்து வரும் டிராம் வண்டிகளுக்கு டிமிக்கி கொடுத்து உயிர் பிழைக்கிறவர்கள் என்று புரூக்ளின்காரர்களை மற்றவர்கள் கேலி செய்தார்கள். அந்த டிமிக்கிதான் 'டாட்ஜர்ஸ்' என்று குழுவுக்குப் பெயராயிற்று. கேலியைப் பட்டமாகச் சூட்டிக்கொண்ட ஊர் எனக்குப் பிடித்த ஊர்.

தோற்பதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து தடவை உலகத் தொடரின் இறுதிவரை வந்து, ஐந்து தடவையும் அதே நியூயார்க்கின் யாங்கீஸ் குழுவிடம் தோற்றார்கள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பது அங்கே ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஜெயிக்கிறவனை நேசிக்க யாருக்கும் கற்றுக் கொடுக்க வேண்டாம். வருஷா வருஷம் தோற்கிறவனை நேசிக்கத்தான் பயிற்சி வேண்டும். கடைசியில் 1955 அக்டோபர் 4ஆம் தேதி, ஏழாவது ஆட்டத்தில், 2-0 என்று யாங்கீஸை வென்றார்கள். புரூக்ளின் பெயரில் கிடைத்த ஒரே உலகத் தொடர் வெற்றி அது. இரண்டு வருஷத்தில் குழுவே இல்லை.

அதற்கும் முன்னால், 1947 ஏப்ரல் 15ஆம் தேதி, ஜாக்கி ராபின்சன் இவர்கள் சட்டையை அணிந்து களத்தில் இறங்கினார். அந்த நூற்றாண்டில் பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பு மனிதர் அவர். அவரைக் கொண்டுவந்தது ரசிகர்கள் அல்ல, குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி. வாஸ்தவம். ஆனால் பாதி ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் அந்த முயற்சி என்ன ஆகியிருக்கும்? அந்த வருஷம் 18 லட்சம் பேர் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தார்கள். குழுவின் சரித்திரம் என்று இன்று எதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்களோ, அதில் அந்தக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு.

இனி முதலாளியின் கட்சி. வால்டர் ஓமாலியைப் புரூக்ளினில் ஹிட்லரோடும் ஸ்டாலினோடும் சேர்த்து வைத்து வேடிக்கை பேசுவார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. 1913ல் கட்டிய எப்பெட்ஸ் மைதானம் சிறியது. கார் நிறுத்த இடமில்லை. கார் வாங்கினவர்களோ லாங் ஐலண்டுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். ஆட்டம் டெலிவிஷனில் வீட்டுக்கே வந்தது. வெற்றி பெற்ற 1955ல்கூட வந்தவர்கள் 10 லட்சத்துக்குச் சற்று மேல்தான். புரூக்ளினிலேயே தன் செலவில் புது மைதானம் கட்டுகிறேன், நிலத்தை மட்டும் சேர்த்துக் கொடுங்கள் என்று ஓமாலி கேட்டார். நகர நிர்மாணத்தில் சர்வ வல்லமை படைத்திருந்த ராபர்ட் மோசஸ் இணங்கவில்லை. 1957 செப்டம்பர் 24ஆம் தேதி நடந்த கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 6,702 பேர். ஆர்கன் வாசித்த கிளாடிஸ் குடிங் அம்மாள் பிரிவுப் பாட்டுக்களாக வாசித்தார். பெரும்பாலும் காலி ஆசனங்கள்தாம் அதைக் கேட்டன. அன்பு இருந்தது, ஆள் வரவில்லை. இதை மறைத்துவிட்டு ரசிகர்களுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை.

இருந்தாலும் ஓமாலி கொண்டுபோனது எது? ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள், சட்டைகள், அந்தப் பெயர். டிராம்காரப் புரூக்ளினில் பிறந்த பெயர் 2,500 மைல் தாண்டி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போயிற்று. அந்தப் பெயருக்கு விலை ஏற்றியவர்கள் தோற்றபோதும் கூடவே இருந்தவர்கள். டிக்கெட் வாங்கினாய், ஆட்டம் பார்த்தாய், கணக்குத் தீர்ந்தது என்று சொல்வது மளிகைக் கடைக்குச் சரி. கடை மூடினதற்கு யாரும் ஐம்பது வருஷம் துக்கம் காப்பதில்லை. நம் பக்கத்தில் கோயிலுக்குத் தர்மகர்த்தா உண்டு, முதலாளி கிடையாது. அங்கே குழுவுக்கு முதலாளி உண்டு, தர்மகர்த்தா கிடையாது. ரசிகனின் பாத்தியதையை எழுதி வைக்கப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததால் பாத்தியதையே இல்லை என்று ஆகிவிடுமா?

பத்திரத்தை அப்படி நம்புகிறவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். புது மைதானத்துக்குக் கிடைத்த இடம் சாவேஸ் ரவீன் என்ற மேட்டுப் பகுதி. அங்கே பெரும்பாலும் மெக்சிகோ வம்சத்தார் மூன்று குடியிருப்புகளாக வாழ்ந்தார்கள். பலர் சொந்த வீட்டுக்காரர்கள். 1950ல், ஏழைகளுக்கு வீடு கட்டப் போகிறோம் என்று சொல்லி அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கிளம்பின. வீடு கட்டும் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. நிலம் பேஸ்பாலுக்குப் போயிற்று. 1959 மே மாதம், நகர மறுத்துக் கடைசிவரை இருந்தவர்களைப் போலீசார் தூக்கிக்கொண்டு வந்து வெளியே விட்டதை ஜனங்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள். 1962 ஏப்ரல் 10ஆம் தேதி மைதானம் திறந்தாயிற்று. புரூக்ளின்காரனிடம் அன்பு இருந்தது, பத்திரம் இல்லை. இவர்களிடம் இரண்டும் இருந்தன. அந்த நியாயம் பேசுகிற சட்டம் அன்றைக்கு எங்கே போயிருந்தது? குழுவை இழந்தவனின் துக்கத்தை வீட்டை இழந்தவனின் துக்கத்தோடு நிறுத்துப் பார்க்கும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் அல்ல. இரண்டாவது மிகப் பெரியது. ஆனால் பத்திரத்தைக் காட்டி முதலாமவனின் வாயை அடைக்கிறவர்களுக்கு இரண்டாமவனிடம் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை.

ராய் காம்பனெல்லா பத்து வருஷம் புரூக்ளினுக்காக, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்தவர். 1958 ஜனவரியில் ஒரு கார் விபத்தில் அவருக்குக் கைகால் விழுந்துவிட்டது. புது ஊரில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1960 பிப்ரவரி 23ஆம் தேதி எப்பெட்ஸ் மைதானத்தை இடிக்கத் தொடங்கினார்கள். இடிக்கிற இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் மாதிரி வெள்ளைப் பூச்சும் சிவப்புத் தையலும் வரைந்திருந்தார்கள். அந்த ரசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சக்கர நாற்காலியில் வந்திருந்த காம்பனெல்லாவிடம், அவர் குந்தியிருந்த இடத்து மண்ணை ஒரு கலசத்தில் போட்டுக் கொடுத்தார்கள்.