வீக்கம் வடியுமுன் கேளுங்கள்

நாளை காலை எழுந்ததும் முகம் கழுவப் போகாதீர்கள். முதலில் கண்ணாடி முன் நில்லுங்கள். இமை கனத்துக் கண் பாதிதான் திறக்கிறதா? நேற்றுவரை சுலபமாகக் கழன்ற மோதிரம் விரலில் இறுகிக் கிடக்கிறதா? கன்னம் அதைத்துப்போய், இது என் முகம்தானா என்று ஒரு கணம் தோன்றுகிறதா? அப்படியிருந்தால் கைப்பேசியை எடுத்து அந்த முகத்தை அப்படியே படம் பிடியுங்கள். பொட்டு வேண்டாம், பவுடர் வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் இந்த அவசரம்? இந்த வீக்கத்துக்கு ஆயுள் குறைவு. ஆறு மணிக்கு இருப்பது பதினொரு மணிக்கு இருக்காது. டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் முன் போய் நிற்கும்போது முகம் பழையபடி ஆகியிருக்கும். "எங்கே வீக்கம்?" என்று கேட்பார். "காலையில இருந்துச்சு டாக்டர்" என்பீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பிப் பரிசோதனை எழுதித் தருபவர் உண்டு. "நல்லாத் தூங்குங்க, உப்பைக் குறைங்க" என்று அனுப்பிவிடுபவரும் உண்டு. நான்கு நாள் படம் கையில் இருந்தால் அவ்வளவு சுலபமாக அனுப்ப முடியாது.

என் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு படம் இல்லை. வீட்டில் முதலில் எழுபவர் அவர். நாலரை மணிக்கு எழுந்து, கிணற்றடியில் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நாங்கள் எழும்போது காபியோடு நிற்பார். ஒரு விடுமுறையில் நான் சீக்கிரம் எழுந்துவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "என்ன பெரியம்மா, முகம் இப்படி உப்பியிருக்கு?" என்றேன். "வயசாகுதில்ல, ராத்திரி தூக்கமில்ல. வெயில் ஏறினா வடிஞ்சிரும்" என்றார். வெயில் ஏறியதும் வடிந்தது. நானும் விட்டுவிட்டேன். மருந்துக்கடையில் கேட்டு நீர் மாத்திரை வாங்கிப் போட்டார்; இன்னும் நன்றாக வடிந்தது. ஒன்றரை வருடம் கழித்து, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் அவருக்கு முதன்முதலாக ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அதற்குள் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போயிருந்தன. வாரம் 3 நாள், ஒவ்வொரு நாளும் 4 மணி நேரம் டயாலிசிஸ். "வடிஞ்சிருச்சே, சரியாப்போச்சுன்னு நினைச்சேன்" என்று படுக்கையில் கிடந்தபடி அவர் சொன்னது இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை. வடிவது வேறு, சரியாவது வேறு என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் போகும். உடம்புக்குள் கோத்த நீரும் அப்படித்தான். பகலில் நின்று நடமாடும்போது அது காலுக்கு இறங்குகிறது. இரவில் படுத்ததும் தலையும் காலும் ஒரே மட்டம். நீர் உடம்பு முழுக்கப் பரவி, இளக்கமான இடம் எங்கே என்று பார்த்துத் தங்குகிறது. கண்ணிமையைவிட மெல்லிய தோல் உடம்பில் வேறில்லை. அதனடியில் இருக்கும் சதையும் தளர்வானது. அதனால் காலையில் கண் வீங்குகிறது, மாலையில் கணுக்கால் வீங்குகிறது. முகத்திலிருந்து வடிந்த நீர் உடம்பைவிட்டுப் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. சாயங்காலம் கணுக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். குழி விழுந்து நின்றால், காலையில் முகத்தில் பார்த்ததை அங்கே பார்க்கிறீர்கள்.

லண்டனில் கைஸ் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. 1820-களில் அங்கே ரிச்சர்டு பிரைட் என்ற மருத்துவரிடம் உடம்பு முழுக்க நீர் கோத்த நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் நீர்க்கோவை என்பதே ஒரு நோயின் பெயர். அதற்கு மேல் பெரும்பாலோர் கேட்பதில்லை. பிரைட் கேட்டார். நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். அது முட்டையின் வெள்ளைக்கருபோலத் திரிந்தது. இறந்தவர்களை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் கெட்டிருந்தது. வீங்கிய முகம், திரியும் சிறுநீர், கெட்ட சிறுநீரகம் மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்து அவர் 1827-ல் புத்தகமாக எழுதினார். ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவத்தியும் வைத்துக்கொண்டு அவர் கண்டதை, இத்தனை வசதி வந்த பிறகும் நாம் பார்க்காமல் இருப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இன்று கரண்டி வேண்டாம். காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைச் சுத்தமான புட்டியில் பிடித்துக் கொடுத்தால் போதும். காகிதப் பட்டை ஒன்றை நனைத்து நிறம் பார்ப்பார்கள். புரதம் இருந்தால் மஞ்சள் பச்சையாக மாறும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். நலமாக இருப்பவர் ஒரு நாளில் இழக்கும் புரதம் 150 மில்லிகிராமுக்குள்தான். அது மூன்றரை கிராமைத் தாண்டும்போது ரத்தத்தில் அல்புமின் குறைந்துபோகிறது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து நிறுத்துவது அந்த அல்புமின். பிடி தளர்ந்ததும் நீர் கசிந்து சதைக்குள் போகிறது. சிறுநீரகமும் உப்பை வெளியே விடாமல் தேக்கிக்கொள்கிறது. கழிவறையில் நுரை பொங்கி, தண்ணீர் ஊற்றியும் அடங்காமல் நிற்கிறதென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு நாள் வீங்கினால் பயப்படாதீர்கள். ராத்திரி கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டவருக்கு, அழுது தூங்கியவருக்கு, சளி அடைத்தவருக்கு, மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இருப்பவருக்கு முகம் அதைக்கும், தானே போகும். தொடர்ந்து மூன்று நாள் வந்தாலோ, விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தாலோ மூன்று பரிசோதனை செய்யுங்கள்: சிறுநீர், ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்பது. இதைச் செய்யாமல் எந்த மாத்திரையும் போடாதீர்கள், எந்தச் சாறும் குடிக்காதீர்கள்.

சாறு என்று சொன்னதால் சிலருக்குக் கோபம் வரலாம். வாழைத்தண்டும் இளநீரும் நம் வீட்டு மருந்துதானே? நலமான சிறுநீரகத்துக்குச் சரி. கெட்டுப்போன சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. இளநீரில் அது நிறைய இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு. எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமல் நல்ல பொருளைக்கூடத் தொடக் கூடாது. நீர் மாத்திரை இன்னும் மோசம். அது வீக்கத்தை விரட்டிக் காரணத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது. மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன்மாரே, சீட்டு இல்லாமல் வந்து "முகம் வீங்குது, ஏதாவது குடுங்க" என்று கேட்பவரிடம் மாத்திரை கொடுக்காதீர்கள். யூரின் டெஸ்ட் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் கல்லாவில் அன்று ஐம்பது ரூபாய் குறையும், அவ்வளவுதான்.

நீங்கள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூட்டுவலிக்குத் தினமும் விழுங்கும் வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெயர் சொல்லாமல் பொட்டலத்தில் கட்டித் தந்த சூரணம், உடம்பு தேற என்று வாங்கிய மாத்திரை, எல்லாம் அந்தத் தாளில் வரட்டும். சிவப்பழகுக் கிரீமும் வரட்டும். கேரளத்தில் மலப்புரம் மாவட்ட மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை பார்த்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 15 பேரில் 13 பேர் அப்படிக் கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்த பாதரசம் தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது. நிறுத்தியதும் பெரும்பாலோருக்குப் புரதம் ஒழுகுவது குறைந்தது. நிறம் கூட வேண்டும் என்று நம் பெண் பிள்ளைகளை நச்சரித்தவர்கள் நாம்தான். இந்தப் பழி நம்மையும் சேரும்.

குழந்தை விஷயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள், காலையில் கண் வீங்கி எழும் பிள்ளையைக் கண் டாக்டருக்கும் அலர்ஜி மருந்துக்கும் அலையவிடுகிறார்கள். பூச்சி கடித்திருக்கும், கண்ணேறு பட்டிருக்கும் என்கிறார்கள். முதலில் சிறுநீரைப் பாருங்கள். இந்த வயதில் வரும், சிறுநீரில் புரதம் ஒழுகும் நெஃப்ரோடிக் நோய் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மருந்தில் நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஸ்டீராய்டு என்றதும் பயந்து, முகம் வடிந்ததும் பாதியில் நிறுத்திவிடும் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: நிறுத்தாதீர்கள். ஆள் தேற என்று திருட்டுத்தனமாக விழுங்கும்போது முகத்தை நிலா மாதிரி ஊதவைப்பதும் அதே மருந்துதான். அளவும் காலமும் டாக்டர் கையில் இருக்கும்போது அது உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுகிறது. நெடுநாள் எடுத்ததைத் திடீரென விடுவதும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இதைவிடவும் அவசரம். "பிள்ளைத்தாய்ச்சின்னா வீங்கத்தான் செய்யும்" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். கால் கொஞ்சம் வீங்குவது சகஜம். 20 வாரத்துக்கு மேல் காலையில் முகமும் கையும் வீங்கினால் அன்றே ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும். 140/90 தொட்டுவிட்டால் அன்றே மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும். அதோடு தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, மேல்வயிற்று வலி வந்தால் வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடுத்து வரக்கூடியது வலிப்பு. தாயும் பிள்ளையும் சேர்ந்து போகக்கூடிய வலிப்பு.

இன்னொரு வகை வீக்கம் இதற்கெல்லாம் வேறானது. தூங்கப் போகும்போது ஒன்றுமில்லை, எழும்போது உதடு மட்டும் தடித்திருக்கும். அல்லது நாக்கு, அல்லது ஒரு பக்கக் கன்னம். ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், ராமிபிரில் போன்ற மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். போன வாரம் தொடங்கிய மருந்து என்றில்லை, ஆண்டுக்கணக்கில் ஒத்துப்போன மருந்தும் ஒருநாள் இப்படிச் செய்யும். அடுத்த மாத்திரையைப் போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். வேறு மருந்து இருக்கிறது. குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சு இழுத்தாலோ கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஓடுங்கள்.

அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை, ஆனால் உதடோ கையோ மாதத்துக்கொரு முறை வீங்குகிறது, நடுநடுவே வயிற்றுவலி சுருட்டிப் பிடிக்கிறது, தாத்தாவோ அத்தையோ தொண்டை அடைத்து இறந்ததாகப் பேச்சு உண்டு. இப்படி இருந்தால் அது பரம்பரை வீக்க நோயாக இருக்கலாம். வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் 1888-லேயே எழுதிவைத்த நோய் இது. சி1 தடுப்பான் என்ற புரதம் குறைவதால் வருகிறது. வழக்கமான அலர்ஜி ஊசிக்கு அடங்காது. ரத்தத்தில் சி4 என்ற புரதத்தின் அளவு பார்த்தால் துப்புக் கிடைக்கும். இந்த நோயை நாம் ஒளிக்கிறோம். சம்பந்தம் பேச வந்தவர்களுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று ஒளிக்கிறோம். ஒளித்ததால் தங்கையின் மகனுக்குத் தொண்டை அடைக்கும்போது டியூட்டி டாக்டருக்கு என்ன மருந்து என்று தெரியாமல் போகிறது. நின்றுபோகிற கல்யாணம் நிற்கட்டும். உங்கள் ரத்த உறவுகளிடம் சொல்லிவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழுத்தினால் குழி விழாத வீக்கம், அசதி, முடி கொட்டுதல், மலச்சிக்கல், கரகரத்த குரல் என்றால் தைராய்டு. இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது, நடுராத்திரி மூச்சு முட்டி எழுகிறீர்கள் என்றால் இதயம். முந்தைய நாள் தலைக்குக் கருப்புச் சாயம் அடித்திருந்தால் அந்தச் சாயம். வீங்குவது விரல் மூட்டுகள்தான், காலையில் ஒரு மணி நேரமாவது மடக்க முடியவில்லை என்றால் முடக்குவாதம்.

எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்புகிற மருத்துவர்களைப் பார்த்துக் கேட்கிறேன்: தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், மறுபடி வரச் சொல்லுங்கள். நோயாளி உங்களை மதிப்பார். காரணம் கிடைக்காதவர்களே, ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன சாப்பிட்டோம், என்ன மருந்து, எத்தனை மணிக்கு வீங்கியது, எப்போது வடிந்தது, காலை எடை எவ்வளவு. தலைமாட்டை உயர்த்திப் படுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். அப்பளத்திலும் மோர்மிளகாயிலும் இருப்பதும் அதில் சேர்த்தி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரை மறுபடி பாருங்கள். இன்று தெரியாத காரணம் ஆறு மாதம் கழித்துத் தெரிந்தவர்கள் உண்டு.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் முகத்தில் ஒன்றும் இருக்காது. உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் முதலில் எழுபவர் யார்? யாரும் பார்க்குமுன் முகம் கழுவிவிடுபவர் அவர். நாளை ஒரு நாள் அவருக்கு முன்னால் எழுந்திருங்கள். விளக்கைப் போடுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். "வெயில் ஏறினா வடிஞ்சிரும்" என்று சொன்னால் விடாதீர்கள். புட்டியை நீங்களே வாங்கிவையுங்கள், அவரோடு நீங்களே போங்கள்.