நோயாளி குற்றவாளியா?



ஐதராபாத்தைச் சேர்ந்த பேகம்பேட்டில், 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள், ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கெட்ட காற்றால் வருவதென நெடுங்காலம் எண்ணப்பட்ட நோய், கொசுவாற் பரவுவதென்று தெளிய அது வழிகாட்டிற்று. இன்று கொசு கடித்தவனை எவரும் பழிப்பதில்லை. கொசுவையே ஒழிக்க முற்படுகின்றனர்.

இரத்தக் குழாய் நோயுற்றவனை மட்டும் நாம் பழிக்கின்றோம். புகையிலை, சர்க்கரை நோய், மிகுந்த இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றால் குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும்; நின்றால் தணியும். கவனியாவிடில் விரல் கறுத்துக் காலையே இழக்க நேரும். புகையிலை பழகிய இளவயதினரைப் பற்றும் இத்தகைய நோயொன்றை 1908-இல் லியோ பர்கர் என்னும் மருத்துவர் விளக்கினார். புகையிலையை அறவே விட்டவர்க்குப் பெரும்பாலும் கால் தப்புகிறது.

நாம் ஆலையில் நூற்புப் பகுதியில் உழைத்த நாளில், தோழர் ஒருவர் இந்நோயால் ஒரு காலை இழந்தார். "தானே தேடிக்கொண்டான், அவன் கர்மம்" என்று நாமும் சொன்னோம். இரவு முறையில் தூக்கத்தை விரட்ட, அவர் பீடியையும் நம் பீடியையும் ஒரே தீக்குச்சி பற்றவைத்ததை அன்று நினைத்தோமில்லை.

கர்மம் என்னும் சொல்லைக் கோலாக்கி நம் முன்னோரை அடித்தவர் உண்டு. அதே கோலால் நாம் நோயாளியை அடிப்பது தகுமா? துன்பமெல்லாம் முன்வினைப் பயனே என்னும் கொள்கையைப் பற்றிச் சிவகர் என்னும் துறவி வினவியபோது, பகவான் அதனை மறுத்தார். வாதம், பித்தம், சிலேத்துமம், பருவ மாறுதல் முதலிய காரணங்களையும் எடுத்துக் காட்டினார்.

அங்ஙனமாயின் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையோ எனின், உண்டு. பழி வேறு, பொறுப்பு வேறு. சென்ற காலத்தைப் பழிப்பதால் கால் பிழையாது. இனிச் செய்வது நோயாளியின் கையில் இருக்கிறது. ஆனால் அவன் தனித்துச் செய்யவேண்டும் என்பதில்லை.

கோசல மன்னர் பசேநதி பெருந்தீனியால் மூச்சு வாங்கப் பகவானிடம் வந்தார். பகவான் ஏசவில்லை, அளவறிந்து உண்பதைப் பாட்டாய் உரைத்தார். மன்னர் அதனைச் சுதர்சனன் என்னும் இளைஞனைக் கொண்டு உணவு வேளைதோறும் ஓதச் செய்தார். நாளடைவில் அவர் உணவு ஒரு நாழி அரிசிச் சோறாய்க் குறைந்தது, உடலும் இளைத்தது. குறைத்தவர் மன்னரே, ஆயினும் நினைவூட்ட ஒருவன் வேண்டியிருந்தது.

ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு சுதர்சனன் தேவை. மாத்திரை வேளையை நினைவூட்டுவதும், கண் மங்கியவரின் உள்ளங்காலில் புண் உளதா என்று இரவுதோறும் பார்ப்பதும், மருத்துவர் இசைந்தபின் அவர் வலிக்கும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கையில் உடன் நடப்பதும் அவன் தொண்டு. நோயாளி ஒருநாள் தவறினால் ஏசாது, மறுநாள் மீண்டும் தொடங்கச் செய்க.

நம் தோழருக்கு மற்றொரு காலிலும் வலி கண்டது. அவர் பலமுறை விட்டும் விடமுடியாதிருந்த பீடியை, நாமும் அவருடன் ஒரே நாளில் விட்டபின்னரே அறவே விட்டார். அந்தக் கால் அவருக்கு நிலைத்தது.