முந்துவதற்கு உரிமை எது?

வாணிபம் ஒரு பந்தயம் என்பார் உளர். அது ஒரு வணக்கம் என்பாரும் உளர். முன்னவர் சொல்லைக் கேட்டால், பக்கத்துக் கடைக்காரர் வீழ்ந்தால்தான் நமக்கு வாழ்வு என்று தோன்றும். பின்னவர் சொல்லைக் கேட்டால், நல்லவன் எவனோடும் போட்டியிடலாகாது என்று தோன்றும். இரண்டும் பாதி உண்மைகளே. அறநெறி வழுவாத ஒரு வணிகன் தன் தொழிலில் பிறரை முந்தலாமா? முந்தலாமெனில், எதைக் கொண்டு முந்தலாம்? எதைக் கொண்டு முந்தலாகாது? ஃபிக்ஹு நூல்களின் வணிகப் பகுதியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. கடை வைத்துப் பிழைக்கும் நம் குடும்பங்களில், கேட்கப்படாமலேயே நாள்தோறும் எழும் கேள்வியும் இதுவே.

இதை ஆராய்வதற்குப் புதுவையின் பெரிய மார்க்கெட்டைவிடத் தக்க பள்ளிக்கூடம் வேறில்லை. நேரு வீதியும் மகாத்மா காந்தி வீதியும் அணைந்து நிற்கும் இவ்வங்காடியைப் பிரெஞ்சுக்காரர் ‘கிராண்ட் பஜார்’ என்றழைத்தனர். பின்னாளில் முதலமைச்சராய் இருந்த எதுவார் குபேரின் பெயரால் இது குபேர் அங்காடி ஆயிற்று. மக்கள் நாவிலோ என்றும் பெரிய மார்க்கெட்தான். உள்ளே நுழைந்தால் காய்கறிக்கு ஒரு வரிசை, பூவுக்கு ஒரு வரிசை, மளிகைக்கு ஒரு வரிசை; மீன் விற்கும் பெண்கள் அருகருகே அமர்ந்திருக்கும் வரிசை வேறு. ஒரே கடலில் பிடித்த மீனை ஒருவர் தோளை ஒருவர் உரசி அமர்ந்து விற்கின்றனர். ஒருவர் சொல்லும் விலை மற்றவர் காதில் விழுகிறது. இத்தனை நெருக்கத்தில் ஒருத்தியிடம் மட்டும் கூட்டம் நிற்பது எதனால்?

மேலைநாட்டு வணிகவியலார் இக்கேள்விக்கு ஒரு விடை வகுத்துள்ளனர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980இலும் 1985இலும் வெளியிட்ட இரு நூல்களில், ஒரு வணிகன் பிறரை முந்தும் வழிகளை மூன்றாகப் பகுத்தார். எல்லாரினும் குறைந்த செலவில் சரக்கை முடித்துத் தருவது ஒன்று. பிறரிடம் கிடைக்காத தனித்தன்மையைத் தருவது இரண்டு. எல்லாருக்கும் விற்க முயலாமல், குறிப்பிட்ட சிலரின் தேவையைக் கூர்ந்தறிந்து அவர்களுக்கென விற்பது மூன்று. இவற்றுள் ஒன்றையும் உறுதியாகப் பற்றாமல் நடுவில் நிற்பவன் தடுமாறுவான் என்பது அவர் கருத்து.

சொற்கள் புதியவை, செய்தி பழையது. விடியலுக்கு முன்பே மண்டிக்குச் சென்று, இடைத்தரகின்றிக் கொள்முதல் செய்து, குறைந்த இலாபத்தில் உச்சிப்பொழுதுக்குள் கூடையைக் காலி செய்யும் காய்க்காரர் முதல் வழியினர். மீனைச் செதில் நீக்கி, வீட்டார் விரும்பும் அளவில் துண்டாக்கித் தரும் பெண்மணி இரண்டாம் வழியினர். திருமண மாலைகளுக்கெனவே பூக்கட்டி வைத்திருப்பவர் மூன்றாம் வழியினர். இவர்களுள் எவரும் நூல் படித்துத் தெளிந்தவரல்லர்.

இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. மக்காவிலிருந்து வெறுங்கையராய் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அவர்தம் அன்சாரிச் சகோதரர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய வாழ்வு பெருஞ்செல்வத்தில் முடிந்தது. அவரைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா நூலில் ஒரு செய்தி கூறுகிறார். ஆயிரம் ஒட்டகங்களை அவர் வாங்கிய விலைக்கே விற்றாராம். இலாபமாக எஞ்சியவை ஒட்டகங்களைக் கட்டியிருந்த கயிறுகள் மட்டுமே. கயிறு ஒன்றுக்கு ஒரு திர்ஹமாக ஆயிரம் திர்ஹம் கிடைத்தது. அன்றைய தீவனச் செலவு மிச்சமானதில் மேலும் ஆயிரம். சரக்கைத் தேக்கி வைப்பதும் ஒரு செலவு என்பதை அறிந்த உள்ளம் அது. குறைந்த செலவு, விரைந்த விற்பனை என்று இன்று வகுப்பறைகளில் போதிக்கப்படும் பாடம் ஒட்டகக் கயிற்றிலேயே கட்டப்பட்டிருந்தது!

ஆகவே முந்துதல் தன்னளவில் குற்றமன்று. உழைப்பால், அறிவால், சிக்கனத்தால், பிறர் தேவையை உணரும் பரிவால் ஒருவன் முந்தினால் வாங்குவோரும் பயனடைகின்றனர். புதுவைக்குத் தெற்கே கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பார் பொருள்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கும் வழியைக் கண்டார். அவர் மைந்தர் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவுடன் தொழில் தொடங்கினார். புட்டி வாங்க முடியாத ஏழையும் ஒரு வேளைக்கு வேண்டியதைச் சில்லறைக் காசுக்கு வாங்க வழி பிறந்தது. கோவையில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராய்ப் புகழ்பெற்ற சி.கே. பிரகலாத், ஏழைகளையும் வாடிக்கையாளராய் மதித்தால் இரு சாராரும் பயனுறுவர் என்று 2004இல் எழுதிய நூலுக்கு இத்தகைய முயற்சிகளே அடித்தளம். ஆயினும் அப்பொட்டலங்களின் வெற்றுறைகள் இன்று நம் சாக்கடைகளை அடைக்கின்றன. வாங்குவோனும் விற்போனும் மகிழ்ந்த வணிகத்தின் சுமை, அதில் பங்குபெறாத மூன்றாமவன் தலையில் விழுகிறது. முந்துதலை எடைபோடும்போது இந்த மூன்றாமவனையும் தட்டில் ஏற்றிப் பார்த்தல் வேண்டும்.

இனி, தகாத முந்துதல் எது என நோக்குவோம். கிராமத்திலிருந்து சரக்கேற்றி வருவோரை ஊர் எல்லையிலேயே எதிர்கொண்டு, அங்காடி விலை அவர்களுக்குத் தெரியுமுன் வாங்கிவிடுவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் பின்னர் அங்காடிக்கு வந்து விலையறிந்தால், விற்பனையை முறிக்கும் உரிமையையும் அவருக்கு வழங்கினார்கள். இவ்வுரிமையில்தான் சட்டத்தின் நுட்பம் விளங்குகிறது. முந்திச் சென்று வாங்கிய சுறுசுறுப்பு குற்றமாயின், ஏமாந்தவருக்கு மட்டும் உரிமை தருவானேன்? எதிரே நிற்பவரின் அறியாமையையே இலாபமாக்கியது ஈண்டுக் குற்றமாயிற்று. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகளார், மழையில் நனைந்தது என்று வணிகர் கூறியபோது, மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்றே கேட்டார்கள். நனைந்ததை விற்கத் தடையில்லை. மறைத்து விற்கத் தடை.

அப்படியானால் வணிகனுக்கு இரகசியமே கூடாதா? கூடும். பிரியாணி மசாலாவின் பக்குவத்தை ஒருவர் தம் மக்களுக்கு மட்டும் சொல்லலாம். உண்பவருக்கு அதனால் நட்டமில்லை. போட்டியாளரிடம் மறைப்பது வேறு. பொருளை வாங்குபவரிடமோ நமக்கு விற்பவரிடமோ மறைப்பது வேறு. இரகசியம் வெளிப்பட்டால் பக்கத்துக் கடைக்காரர் நம்மைப் பின்பற்றுவார் என்றால், அது தொழில் நுணுக்கம். வெளிப்பட்டால் வாடிக்கையாளர் நம்மைச் சபிப்பார் என்றால், அது மோசடி. இந்த உரைகல் ஒன்று போதும். பெரும்பாலான ஐயங்கள் தீரும்.

அறிவே முதலாக வாழ்ந்தவருக்குப் புதுவையில் பெருஞ்சான்று ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் பெயர் தாங்கிய வீதி பெரிய மார்க்கெட்டின் அருகிலேயே உள்ளது. 1709 முதல் 1761 வரை வாழ்ந்த அவர், ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாகப் பிரெஞ்சுக்காரருக்கும் நம் நாட்டு வணிகருக்கும் நடுவே நின்றார். 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு உலகறிந்தது. இருதரப்பு மொழியும் இருதரப்புத் தேவையும் அறிந்திருந்தமையே அவர்தம் மூலதனம். இடைநிற்போரின் அறிவு இருசாராரையும் இணைக்கும் பாலமாகலாம். இருவரையும் அறியாமையில் நிறுத்தும் சுவராகவும் ஆகலாம். இன்று கைப்பேசியில் பொருள் விற்கும் பெருநிறுவனங்கள் அந்த நடுவிடத்தில்தான் அமர்ந்துள்ளன. வாங்குவோன் எதை விரும்புகிறான் என்பதையும், விற்போன் எவ்வளவுக்கு இறங்குவான் என்பதையும் அவை மட்டுமே அறியும்.

விலைக்குறைப்பின் சிக்கல் இன்னும் ஆழமானது. ஹாத்திப் (ரலி) என்னும் தோழர் மதீனாக் கடைத்தெருவில் உலர்ந்த திராட்சையை மலிவாக விற்றுக்கொண்டிருந்தார். கலீஃபா உமர் (ரலி) அவரிடம், விலையை உயர்த்தும், இன்றேல் நம் அங்காடியை விட்டுச் செல்லும் என்றதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வழியாக வரும் அறிவிப்பில் இதன் தொடர்ச்சி உண்டு. உமர் (ரலி) வீடு திரும்பித் தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டு, ஹாத்திபின் இல்லம் சென்று, தாம் சொன்னது கட்டளையன்று, ஊராரின் நன்மை கருதிச் சொன்னதே, விரும்பியவாறு விற்கலாம் என்றார்களாம். இமாம்கள் இதில் கருத்து வேறுபட்டனர். மலிவு வாங்குவோருக்கு நன்மை. ஆனால் பிற வணிகர் அழிந்தபின் அந்த மலிவு நீடிக்குமா என்பதே இரு கருத்துகளுக்கும் இடையிலான கேள்வி. நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் இவ்விடத்தில்தான் கோடு கிழிக்கிறது. தன் அடக்கச் செலவுக்கும் கீழே, போட்டியாளரை ஒழிக்கும் நோக்குடன் ஆதிக்க நிறுவனம் விற்பதை அது குற்றமாக்குகிறது. சிக்கனத்தால் விளைந்த மலிவு ஹலாலான முந்துதல். ஆழ்ந்த பணப்பையிலிருந்து நட்டத்தை ஊற்றி, அண்டையார் கடை மூடப்படும் நாளை எதிர்நோக்கும் மலிவு நஞ்சு தோய்ந்த தேன்.

போர்ட்டரின் கொள்கையில் நாம் தயங்கும் இடமும் இங்கேயே உள்ளது. புதியவர் எளிதில் நுழைய முடியாத தொழிலே அதிக இலாபம் தரும் என்கிறார் அவர். கணக்கு சரிதான், சந்தையின் இயல்பை உள்ளவாறு காட்டுகிறது. ஆனால் இதைப் படிக்கும் வணிகன், கதவை எப்படிச் சாத்துவது என்று சிந்திக்கத் தொடங்கினால் என்னாகும்? மதீனாவில் நபிகளார் அமைத்த சந்தையில் இடவாடகை விதிக்கப்படவில்லை. சந்தை பள்ளிவாசல் போன்றது, முந்தி வந்தவருக்கு அன்றைய இடம் உரியது என்பது ஆரம்பகால மரபு. சிலர் மட்டுமே விற்கலாமெனக் கூடிக் கதவடைத்துக்கொண்டால், அங்கே அரசு நியாய விலையை நிர்ணயிக்க வேண்டுமென்றார் 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா. பஞ்ச காலத்தில் விலை நிர்ணயிக்க மறுத்த நபிவழிக்கு இது முரணன்று. கதவு திறந்திருக்கும்போது விலை தானே நியாயமடையும். கதவு சாத்தப்பட்டபின் அவ்வாறு ஆகாது.

அருகருகே அமர்ந்து விற்கும் பெரிய மார்க்கெட்டின் வரிசைகள் இதற்கு வாழும் விளக்கம். தனியே ஒரு மூலையில் மீன் விற்பவளைத் தேடி எத்தனைபேர் வருவர்? ஐம்பதுபேர் சேர்ந்து விற்பதனால்தான் ஊரே கூடையுடன் வருகிறது. பக்கத்தில் இருப்பவள் வாடிக்கையாளரைப் பறிப்பவள் மட்டுமல்லள். அழைத்து வருபவளும் ஆவாள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல்தொழில், திருப்பூரில் பின்னலாடை என ஒரே தொழிலார் ஓரூரில் திரள்வதும் இதனாலேயே. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ் இவ்வங்காடியை இடித்துக் கட்டும் யோசனை எழுந்தபோது வணிகர்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். அன்றாடம் போட்டியிடுவோர் ஒரே குரலில் பேசியதில் வியப்பில்லை. சந்தை என்னும் பொதுச்சொத்து இல்லையேல், தனித்தனிக் கூடைகளுக்கு மதிப்பில்லை என்பதை அவர்கள் அறிவர்.

இவ்வளவும் கேட்ட ஒரு வணிகர், “ஹஜ்ரத், இதெல்லாம் சரி. நான் நனைந்த தானியத்தை மேலே வைத்தால், மறைத்து விற்கும் அடுத்தவரிடமல்லவா கூட்டம் போகும்?” என்று கேட்கக் கூடும். இதற்கு, நேர்மையே மிகச் சிறந்த வியாபார உத்தி என்று இனிப்பாகச் சொல்லி மழுப்ப நாம் விரும்பவில்லை. நம்பிக்கை நாளடைவில் வாடிக்கையைச் சேர்க்கும் என்பது மெய்யே. எனினும் அந்த நாள் வருமுன் முதல் கரைந்துவிடுவதும் உண்டு. மேலும், நேர்மையை ஓர் உத்தியாகக் கொண்டவன், அது பலன் தராத நாளில் அதைக் கைவிடுவான். அளவில் மோசடி செய்வோருக்குத் திருமறை கேடுரைத்தபோது, அது வியாபாரத்தில் நட்டம் வரும் என்று எச்சரிக்கவில்லை. மகத்தான ஒரு நாளில் எழுப்பப்படுவதையே நினைவூட்டிற்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலையும், கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைக்காமலும் வாழ்ந்தமையையே அவர்தம் பெருமையாய்ச் சொல்கிறது. எவ்வளவு ஈட்டினர் என்பதால் அன்று. எவ்வாறு ஈட்டினர் என்பதால் பெருமை.

ஆயினும் நேர்மையாளன் ஒருவனையே தோற்கவிட்டு, அவனுக்கு மறுமையைக் காட்டி ஆறுதல் சொல்வதோடு சமுதாயத்தின் கடமை தீர்ந்துவிடாது. அதனாலன்றோ முன்னோர் அங்காடிக்கு முஹ்தஸிப் என்னும் கண்காணிப்பாளரை நியமித்தனர்! எடைக்கல்லைச் சோதிப்பவர் இருந்தால், உண்மையான கல் வைத்திருப்பவர் தண்டனை பெறுவதில்லை. வாங்கும் நமக்கும் இதில் பங்குண்டு. நனைந்ததை மறைக்காமல் காட்டியவரிடம் நாம் அடுத்த முறையும் செல்கிறோமா? கால் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவென்று, எடையை ஏய்ப்பவரிடம் ஓடுகிறோமா? சந்தையின் ஒழுக்கத்தில் பாதி, கூடை தூக்கிச் செல்வோர் கையில் இருக்கிறது.

நம் பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் வணிக மேலாண்மை பயில்கின்றனர். அந்நூல்களை அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை, ஆழ்ந்து கற்கட்டும். கற்றபின் தொழிலில் இறங்கி ஒருவரை முந்தும் வேளையில் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ளட்டும்: இந்த இலாபம் நான் சேர்த்த நன்மையிலிருந்து வந்ததா, பிறர் அறியாமையிலிருந்தும் இயலாமையிலிருந்தும் வந்ததா? முன்னதாயின் மனமகிழ்ந்து முந்தட்டும். பின்னதாயின், முந்தியது அவர்களன்று. அவர்களை முந்திக்கொண்டு ஓடுவது அவர்களுடைய பேராசையே.