நிலாவுக்கு யார் தர்மகர்த்தா?



போன பௌர்ணமி பூஜை முடிந்து கோயில் வாசலில் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஐந்தாம் படிவம் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, நிலாவுக்கும் சட்டப்படி உரிமை கொடுக்கணும்னு சிலர் சொல்றாங்களாம். கல்லுக்கு எதுக்கண்ணே உரிமை?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சற்று முன்புதானே நவக்கிரகத்தைச் சுற்றி வந்து, 'சந்திர பகவானே' என்று கும்பிட்டோம்?

தம்பி சொன்னது உண்மைதான். 2021-இல் ஆஸ்திரேலியாவில் சிலர் நிலாவின் உரிமைகளைப் பற்றி ஒரு பிரகடனமே எழுதினார்கள். காரணம் உண்டு. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலாவைச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் 2015-இல் அமெரிக்கா போட்ட சட்டமோ, அங்கிருந்து வெட்டி எடுக்கும் பொருளைத் தன் குடிமக்களும் கம்பெனிகளும் உரிமையாக்கிக்கொள்ளலாம் என்கிறது. தென்துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களில் உறைந்த நீர் இருக்கிறது. எல்லார் கண்ணும் அதன்மேல்தான். நிலாவில் காற்று கிடையாது, மழை கிடையாது. 1969-இல் மனிதன் நடந்த தடம் இன்னும் அழியவில்லை. அங்கே தோண்டினால் அந்தக் காயம் லேசில் ஆறாது.

சரி, கல்லுக்கு உரிமையா? நம்ம ஊர் சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனிக்கு மட்டும் உயிரா இருக்கு? அது சொத்து வாங்குது, கேஸ் போடுது. சட்டம் அதை ஒரு நபராகப் பார்க்கிறது. நம் சாமியையும் அப்படித்தான் பார்த்தது. 1925-இல் கல்கத்தா குடும்பம் ஒன்றின் விக்கிரகம் பற்றிய வழக்கில், அது இஷ்டம்போல் தூக்கிப்போகும் பொருள் அல்ல, சட்டத்தின் முன் அதுவே ஒரு நபர் என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. தஞ்சைப் பகுதியின் பத்தூர் நடராஜர் கதை இன்னும் அழகு. மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு லண்டன் வரை போன சிலைக்காக, பாழடைந்து கிடந்த அந்தக் கோயிலே வழக்காட முடியும் என்று 1991-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றது. நடராஜர் ஊர் திரும்பினார்.

'சிவன் சொத்து குலநாசம்' என்று பாட்டிமார் சொல்வார்களே, அதன் பொருள் இதுதான். வாய் பேசாதவருக்கும் சொத்து உண்டு. தர்மகர்த்தா அதைப் பார்த்துக்கொள்கிறவரே தவிர, முதலாளி அல்ல.

ஆனால் உரிமை இருந்தால் மட்டும் போதாது. 2017-இல் நியூசிலாந்தின் வாங்கனுயி ஆறு சட்டப்படி ஒரு நபரானது. அதன் சார்பில் பேச அரசு தரப்பில் ஒருவர், மாவோரி மக்கள் தரப்பில் ஒருவர் என இரண்டு காவலர்கள். அதே ஆண்டு கங்கைக்கும் யமுனைக்கும் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்தத் தகுதியைக் கொடுத்தது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கங்கையைத் தாயென்று கும்பிட கோடிப் பேர் இருந்தும் அழுக்கு குறைந்தபாடில்லை.

இதை நான் யாரையும் குறை சொல்லச் சொல்லவில்லை. ஒரு நவராத்திரி முடிந்ததும், வாடிய மாலைகளைப் பிளாஸ்டிக் பையோடு கோயில் பக்கத்து ஆற்றில் போட்டவன் நான். சாமிக்குச் சாத்திய மாலையைக் குப்பையில் போடக்கூடாது என்ற பக்தி! ஆறு குப்பைத்தொட்டியானது அப்போது கண்ணில் படவில்லை. பக்தி இருந்தது, பொறுப்பு இல்லை.

தக்கன் சாபத்தால் தேய்ந்துகொண்டே வந்த சந்திரன் அடைக்கலம் கேட்டான். சிவபெருமான் அவனைச் சடையில் ஏற்றுக்கொண்டார். அந்தப் பிறை வெறும் அலங்காரம் இல்லை தம்பிகளே, தங்கைகளே. 'இவனுக்கு நான் பொறுப்பு' என்று இறைவன் சொன்னதன் அடையாளம்.

நிலாவுக்கு எந்த நாட்டுச் சட்டமும் இன்னும் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. அதை எழுதப்போகும் வக்கீலோ விஞ்ஞானியோ உங்களில் ஒருவராக இருக்கலாம். அதுவரை பழகிக்கொள்ள நம் பக்கத்திலேயே ஓர் ஆறு இருக்கிறது. அடுத்த பௌர்ணமிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, கையுறையோடு வாருங்கள். முதலில் ஆற்றங்கரை, அப்புறம் பூஜை. கேள்வி கேட்ட தம்பியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

அன்பே சிவம்.