அக்கா வந்தால்தான் சீர்



ராஜா வாய்க்கால் பாயும் ஜேடர்பாளையம், கபிலர்மலை, பரமத்திவேலூர் பக்கம் முகூர்த்தம் வந்துவிட்டால் வெற்றிலைக்கும் வாழைக்கும் கிராக்கிதான். மண்டபத்தில், சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் குரல் கொடுப்பார்: "இணைச்சீருக்கு நேரமாச்சு, கூடப்பொறந்தவள வரச்சொல்லுங்க."

மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் செய்யும் சீர் அது. அவனுடைய அக்கா அங்கேதான் இருப்பாள். முதல்நாளிலிருந்து பூக்கட்டியவள், பந்தியைக் கவனித்தவள் எல்லாம் அவள்தான். அந்தக் குரல் கேட்டதும் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுவாள். பெரியப்பா மகள் வந்து சீர் செய்வாள். அக்காவைப் போகச் சொன்னவர் யாருமில்லை. வா என்று சொன்னவரும் இல்லை. அவளுக்கு விவாகரத்து ஆகியிருக்கிறது.

விவாகரத்தெல்லாம் இந்தக் காலத்துக் கூத்து என்று சிலர் பேசுகிறார்கள். அப்படியில்லை. கோர்ட்டு வருவதற்கு முன்பே பல சமூகங்களில் பெரியவர்கள் முன்னால் தீர்த்துவிட்டு, மறுபடி கட்டிக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் அப்படிப்பட்ட வழக்கத்துக்கு இடம் விட்டே வைத்தது. அதற்கும் முன்னால், 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு விவாகரத்து உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

இன்றைக்குத் தீர்ப்பு வந்தால் மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 90 நாள். அது கழிந்தால் மறுமணத்துக்குத் தடையில்லை. அந்தக் கெடு முடியக் காத்திருந்த மாதிரி சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். "வயசு போயிரும் கண்ணு. ரெண்டாந்தாரம்னாலும் பையன் தங்கமான பையன்."

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வாய்தா வாய்தாவாக அலைந்து, நாலு சுவருக்குள் பட்டதையெல்லாம் வக்கீலிடம் திரும்பத் திரும்பச் சொன்னவள் அவள். மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பார்த்தாலே அவளுக்கு வயிற்றைப் பிசையும். கல்யாணம் என்பதோடு முதலில் அவள் ராசியாக வேண்டும். இன்னொரு கல்யாணம் அதற்குப் பிறகு. அதுவும் அவளுக்கு வேண்டுமென்றால்.

அந்த ராசி, தம்பி கல்யாணத்தில் ஒதுங்காமல் நிற்பதில் தொடங்கலாம். இணைச்சீர் கூடப்பிறந்த பாசத்துக்கான சீர். அவளுக்கு முறிந்தது புருஷனோடு இருந்த உறவு. தம்பியோடு பிறந்த பிறப்பை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்யவில்லையே!

அருமைக்காரர் தயங்கினால் அம்மா கூப்பிடட்டும். ஊர் என்ன சொல்லுமோ என்று அம்மாவும் தயங்கினால், மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும் தம்பி வாய்திறந்து சொல்லட்டும், "அக்கா வந்தாத்தான் சீர்" என்று. அன்றைக்கு ஒருநாள் அவன் பேச்சை யாரும் தட்டமாட்டார்கள்.