யாரோ கொடுத்தது

வீரவநல்லூரிலிருக்கும் என் மதினிக்கு மார்பில் ஒரு கட்டி கண்டது. கால்வாயில் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டதை ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். வெட்கம்தான் காரணம். கட்டி அதிகம் வளராதிருந்தது அவள் அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரியில், ரண சிகிச்சைக்கு முதல் நாள் டாக்டரம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். நோயறியும் சோதனைக்குப் போக மிஞ்சும் சதைத் துணுக்கை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்கும் காகிதம் அது.

"அறுக்கது காணாதுன்னு ஆராய்ச்சி வேறயா, தம்பி? இதுல எனக்கு என்ன கிடைக்கும்?" என்று மதினி என்னைக் கேட்டாள்.

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "உங்களுக்கு ஒன்றும் கிடைக்காதம்மா. பின்னால் வேறு யாருக்காவது உதவலாம், உதவாமலும் போகலாம். வேண்டாமென்றாலும் உங்கள் சிகிச்சையில் ஒரு குறையும் வராது" என்றார்.

மதினியின் கேள்வியைச் சுயநலம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. உயிருக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவளிடம் முகமறியாதவர்களின் நன்மையைப் பேசுவது நியாயமா?

ஆனால் மறுநாள் அவளுக்கு நடக்கவிருந்த சிகிச்சை எப்படி வந்தது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு கதிர் வைப்பதென்று முடிவாகியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில், மார்பு முழுவதையும் அடியிலுள்ள தசையோடு அகற்றிவிடுவார்கள். எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு க்ஷேமம் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அது மெய்தானா என்று கேட்டவர் பெர்னார்ட் ஃபிஷர். 1976-இல் தொடங்கிய அவருடைய பரிசோதனையில் 1,800-க்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். யாருக்கு மார்பை எடுப்பது, யாருக்குக் கட்டியை மட்டும் எடுப்பது, யாருக்கு அதோடு கதிரும் வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்தார்கள். 1985-இல் முடிவு வெளிவந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் வைத்தவர்களும் மார்பை இழந்தவர்களைப்போலவே உயிர் வாழ்ந்தார்கள். 20 வருஷக் கணக்கைப் பார்த்து 2002-இல் சொன்னதும் அதேதான்.

நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. அந்தத் தங்கைக்கு அது உதவவில்லை. பிறகு வந்தவர்களுக்கு உதவியது.

வீரவநல்லூர் வயல்களுக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவருவது கன்னடியன் கால்வாய். எவனோ ஒரு கன்னட நாட்டான் வெட்டியது என்று கதை சொல்வார்கள். அவன் பெயர் நிற்கவில்லை. தண்ணீர் நிற்காமல் வருகிறது. அதைக் குடித்து வளர்ந்த நாம், 'எனக்கு என்ன கிடைக்கும்?' என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள முடியாது.

ஆனால் கேட்டு வாங்கினால்தான் தானம். 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற ஏழைப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து அவளைக் கேளாமலே துணுக்கு எடுத்தார்கள். உலகத்துக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. அதற்காக அது தானமாகிவிடாது. வாங்குகிறவர்களுக்கும் கடன் உண்டு. துணுக்குகளைக் கொண்டு கண்டுபிடிக்கும் மருந்து, கொடுத்தவளின் ஊருக்கு எட்டாத விலையில் விற்றால் அந்தக் கடன் தீராது.

அந்தப் பெண்களின் கதையை மதினியிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"அவுகளையெல்லாம் கேட்டுத்தான் செஞ்சாகளா?"

"கேட்டுத்தான், மதினி."

பேனாவை வாங்கி மெதுவாகக் கையெழுத்திட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பேரு வெளியே தெரியாதுல்லா, தம்பி?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.